எண்ணெய் மட்டும்தான் போட்டேன்

ஓசூர்
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை பகல்

கோபாலு,

உன் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிறது. வைகாசியில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று சத்தமாக ஒரு தரம் வாசித்தேன். வாசித்துவிட்டுத் திரும்பினால் சொல்ல வேறு ஆள் இல்லை. அடுப்பைப் பற்றவைத்து ஒரு ஆளுக்குக் களி கிண்டினேன். கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்த வரி மட்டும் சாப்பிடும்போது கூடவே உட்கார்ந்திருந்தது. "ரேஞ்சர் மாமாவை நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள். அவர் ஏன் நாலு வருஷமாக நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்கும்போதெல்லாம் நீங்கள் மழையைப் பற்றி எழுதுகிறீர்கள்" என்று எழுதியிருந்தாய். இந்த முறை மழையைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதவும் முடியாது, இங்கே ஒரு சொட்டு இல்லை.

உன் அம்மா இறந்துபோன வருஷம் உனக்குப் பதினொரு வயது. பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் திரும்பி, துப்பாக்கி ரிப்பேருக்கு லைசென்ஸ் வாங்கி இந்தக் கடையைத் திறந்து இரண்டே வருஷம். அப்போது ஜவளகிரி காட்டுக்கு ரேஞ்சராக இருந்த வெங்கடப்பா இலாகாவின் பழைய துப்பாக்கிகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். துக்க வீடு என்று தெரிந்ததும் சாக்கை ஓரமாக வைத்துவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு போய் சாப்பாடு வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். துப்பாக்கிகளைப் பற்றி அடுத்த மாதம்தான் பேச்செடுத்தார். அதிலிருந்து ஓசூருக்கு வரும்போதெல்லாம் நம் வீடுதான் அவருக்கு. உனக்கு சைக்கிள் பழக்கிவிட மைதானத்தில் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாரே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ரிடையர் ஆன பிறகும் காட்டை விட்டு வர மனமில்லாமல் ஜவளகிரிக்கு வெளியே ஒரு வீடு, ஐந்து ஏக்கர் ராகி, சமையலுக்கு மாதையன் என்று இருந்துவிட்டார். இருபது வருஷம் அவரோடு காடு சுற்றியவன் மாதையன். முதலாளி, ஆள் என்று பேருக்குத்தான். ராத்திரி சாப்பாட்டில் உப்பு குறைந்தால் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை போடுவார்கள்.

அவரிடம் ஒரு பிஸ்டல் இருந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரரிடம் வாங்கியது, லைசென்ஸோடு. ராகி பால் பிடிக்கிற சமயத்தில் யானை இறங்கும். தோளில் பழைய காயம் இருந்ததால் பெரிய துப்பாக்கியை அவரால் தாங்க முடியாது. அதனால் இந்தக் கைத்துப்பாக்கியை வானத்தைப் பார்த்து இரண்டு தரம் வெடித்து யானையைத் துரத்துவார். நீ பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போன மூன்றாம் மாதம், ஒரு நாள் மத்தியானம் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"இந்தச் சனியனை என்னான்னு பாரப்பா. விசையை இழுத்தா இழுத்துக்கினே இருக்குது. நர நரன்னு கொஞ்சம் வருது, நின்னுக்குது, மறுபடி வருது. எப்ப வெடிக்கும்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. போன வாரம் யானை கூட நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய ஆள்காட்டி விரலை நான் பார்த்தேன். வாதத்தில் வீங்கி, முழுசாக மடங்காமல் இருந்தது. நல்ல விரலுக்கே அந்த விசை பாரம். அந்த விரலுக்குக் கை முழுக்க நடுங்கியிருக்கும்.

பிரித்துப் பார்த்தேன். உனக்கு இயந்திரம் தெரியும், சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சுத்தி இருக்கும். அதை விழாமல் பிடித்து நிறுத்த ஒரு சின்ன நாக்கு. விசையை இழுத்தால் நாக்கு விலகும், சுத்தி விழும், தோட்டா வெடிக்கும். நாக்கும் சுத்தியும் தொட்டுக்கொள்கிற இடம் ஒரு நெல்லின் அகலம்கூட இருக்காது. தோல் உறையிலேயே பல மழைக்காலம் கிடந்து அந்த இடத்தில் துரு அரித்து மேடுபள்ளமாகியிருந்தது. அதுதான் நரநரப்பு. சரியான வைத்தியம், மதராஸுக்கு எழுதி அந்த இரண்டு உறுப்பையும் புதிதாக வரவழைத்துப் பொருத்துவது. ஒரு மாதம் ஆகும். அவரிடம் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். "ஒரு மாசத்துல ராகி முடிஞ்சிருமே" என்றார் அவர். "எதுக்கு மதராஸு? நானே பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இந்த நாலு வருஷமும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நீ போய்விட்டாய். நாட்டுத் துப்பாக்கிக்குக் குழல் துடைப்பதும் உடைந்த கட்டைக்கு ஆணி அடிப்பதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. என் கை என்ன செய்யும் என்று பார்க்க ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

மூன்று நாள் எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன். துருவின் மேடு போனதோடு நிறுத்தியிருந்தால் போதும், அவருடைய விரலுக்கு அது தாங்கியிருக்கும். நிறுத்த மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிவது போல் விசை அவ்வளவு லேசாக இழுபட்டபோதுதான் கல்லைக் கீழே வைத்தேன். பட்டாளத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் தொட்ட விசையை இன்னொருவன்தான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். செய்தவனின் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பதால் அந்தச் சட்டம். ஓசூரில் எனக்கு இரண்டாவது ஆள் யார்? நானே தோட்டா இல்லாமல், சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகிற மேல்தகட்டை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தேன். பல தரம் சுத்தி நின்றது. ஒரு தரம் தானாக விழுந்தது. விசையில் விரல் வைக்கவில்லை, கோபாலு. அந்த 'டக்' சத்தம் காதில் விழுந்தது. விரல் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு இருபது தரம் நின்றது. நின்ற இருபதை நம்பினேன், விழுந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

அவர் வந்து, அந்த வீங்கிய விரலால் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "என்னாப்பா இது, நெனச்சாலே போயிருது!" என்றார். நானும் சிரித்தேன்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு மூங்கில் லாரி ஒன்று கடை வாசலில் நின்றது. டிரைவர் இறங்காமலே கத்தினான்: "ரேஞ்சர் வீட்டுல துப்பாக்கி வெடிச்சிருச்சுங்க. சமையல்காரரு காலு போச்சு. தர்மாஸ்பத்திரில இறக்கிட்டு வர்றேன்." நான் கடையைப் பூட்டாமல் ஓடினேன்.

நடந்தது இதுதான். அவர் பிஸ்டலைத் துடைத்துவிட்டு, தோட்டாப் பெட்டியைப் பிடிக்குள் சொருகி, முறைப்படி தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு மேல்தகட்டை விட்டிருக்கிறார். விசையில் விரலே இல்லை. தகடு மூடியதும் வெடித்தது. குண்டு கருங்கல் தரையில் பட்டுத் தெறித்து, கஞ்சி எடுத்துக்கொண்டு வந்த மாதையனின் முட்டிக்குள் புகுந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து, மருந்து கட்டுகிற அறையைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எஸ்.ஐ. வர்றாரு. என் வெரலு விசையில இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காதே."

"உங்க வெரலு அங்க இருந்திருக்காதே அண்ணா. அது என் வேலை. நான்தான்…"

"எனக்குத் தெரியாதா? எனக்கும் உனக்கும் தெரிஞ்சா போதும். லைசென்ஸ் போச்சுன்னா கடை போச்சு. பையன் அங்க பாதியில இருக்கான். எனக்கு என்னா இருக்குது போறதுக்கு? பிடப்பா" என்றார். விட்டுத்தள்ளு என்பதைக் கன்னடத்தில்தான் சொல்லுவார்.

அங்கேயே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அதோடு நின்றிருந்தாலும் ஒருவேளை அவர் மனம் ஏற்றுக்கொண்டிருக்கும். எஸ்.ஐ. வந்து மாதையனின் கட்டில் பக்கத்தில் எங்களை நிறுத்தி, நோட்டைத் திறந்து, "போன வாரம் இந்தப் பிஸ்டல் உங்க கடைக்கு வந்துச்சாமே, என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டபோது, "விசையைச் சரி பண்ணினேன்" என்ற பாதி உண்மையாவது சொல்லியிருக்கலாம். பயம். "எண்ணெய் மட்டும்தான் போட்டேன் சார். விசை நல்லாத்தான் இருந்துச்சு. வயசானவரு, கை நடுக்கம் இருக்குது, அதான்…" என்று என் வாய் தானாகவே நீட்டிக்கொண்டு போனது. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கடைவீதியில் தெரிந்தவர் என்று நினைத்துக் கூப்பிட்டு, கிட்டே போனதும் வேறு ஆள் என்று தெரிந்துகொண்டால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. அவராகவே எனக்குக் கொடுத்ததை நான் பிடுங்கியது மாதிரி ஆகிவிட்டது. கட்டிலில் கிடந்த மாதையன் காதிலும் அது விழுந்தது.

பிஸ்டலைப் பறிமுதல் செய்தார்கள். லைசென்ஸ் ரத்து. கை நடுங்குகிற கிழவர் அஜாக்கிரதையாக வேலைக்காரனைச் சுட்டுவிட்டார் என்று தளி வரைக்கும் பேச்சு. மாதையனுக்கு முட்டி மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் ஜவளகிரிக்குப் போகாமல், தேன்கனிக்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். "இருபது வருஷம் கஞ்சி ஊத்துனேன், கையில குண்டு வச்சுக்கினு பாக்காம சுட்டாரே" என்று சொன்னானாம். இந்தச் செய்தி எனக்கு வந்த அன்றே நான் தேன்கனிக்கோட்டைக்குப் போயிருக்கலாம். பத்து வார்த்தை போதும். போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் போனால் 'ஏன் இவ்வளவு நாள் வரவில்லை' என்று கேட்பார்களே என்று இருந்தேன். இப்படியே வாரம் மாதமாகி, மாதம் வருஷமாகி, போகாமல் இருப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது. அவரும் வரவில்லை. ஒரு தரம் சந்தையில் தூரத்தில் அவரைப் பார்த்தேன். ஆள் இளைத்து, தோளில் பையை மாட்டிக்கொண்டு தானே வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் துணிக்கடைக்குள் நுழைந்து, எனக்கு வேண்டாத ஒரு துண்டை வாங்கிக்கொண்டு அவர் போகும் வரை நின்றேன்.

நீ விடுமுறைக்கு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பது உனக்குத் தெரியாது. பெங்களூர் பஸ் ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் நின்று, மதுவிலக்குப் போலீஸ் மூட்டைகளை எல்லாம் தட்டிப் பார்த்து அனுப்பி, தாமதமாகத்தான் வந்து சேரும். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். நீ வரப்போவதில்லை என்று தெரிந்துதான் போவேன். யாராவது எங்காவது வந்து சேருவதைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். அந்த நேரத்தில் அவரும் மாதையனும் தனித்தனியாக என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைப்பு வரும். ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்த இரண்டு பேரை ஒரு வாக்கியத்தால் பிரித்துவிட்டு, நானும் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பதினான்காம் நாள் தேன்கனிக்கோட்டைக்குப் போனேன். மாதையன் தங்கை வீட்டு வாசலில் காலை நீட்டிப் போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தான், முட்டி விடவில்லை. நான் எதிரே மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவரையை உரித்துக்கொண்டே இருந்தான். பிறகு முறத்தைத் தள்ளி வைத்தான்.

"அவரு வெரலு விசையில இல்லியா?"

"இல்ல, மாதையா."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"காலு போனதுக்கு நான் அழுவல. இவரு போய் இப்பிடிப் பண்ணிட்டாரேன்னுதான் அழுதேன். ஒரு தரம் என்னப் பாக்க இங்க வந்தாரு தெரியுமா? தேன் கொண்டாந்தாரு. மூஞ்சியத் திருப்பிக்கினு உள்ள போயிட்டேன். தேனைத் திண்டுல வச்சிட்டுப் போனாரு." நீட்டின காலைத் தடவிக்கொண்டான். "நாலு வருஷம் அந்த மனுசனத் திட்டிக்கினு கெடந்தேனே. உன்ன நான் என்னா பண்றது?"

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தடியை எடுத்தான். "எழுந்திரு. இன்னைக்கே போலாம்" என்றான்.

தளி வரைக்கும் பஸ். அங்கிருந்து ஒரு மாட்டு வண்டி. ஜவளகிரியில் வண்டி நின்றபோது ரேஞ்சர் வேலி ஓரத்தில் காலி தகர டின்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கி போன பிறகு யானைக்கு அதுதான் காவல். மாதையனைப் பார்த்ததும் கையிலிருந்த கயிறு நழுவி, டின்கள் கடகடவென்று விழுந்தன. அவன் தடியை ஊன்றி விறைத்த காலை இழுத்துக்கொண்டு போய், "எனக்கு ஏன் சொல்லல? என்கிட்ட சொல்றதுக்கு என்னா கேடு?" என்று சண்டைக்கு நின்றான். அவர் அவன் முட்டியையே பார்த்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே சட்டி உருளுகிற சத்தமும், அடுப்படி இருக்கிற நிலைமைக்காக மாதையன் கத்துகிற சத்தமும் கேட்டன.

ரொம்ப நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். நான் கால் தொட்டு மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். ஒதுங்கிக்கொண்டார்.

"பொய் சொன்னே. பயந்துக்கினு சொன்னே. அது எனக்குப் புரியுது" என்றார். "நான் வீட்டுல ஒண்டியா உக்காந்துக்கினு, இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு பாத்தேன். மொதல் ஒரு வருஷம் பாத்தேன். நீ வந்து சும்மா உக்காந்திருந்தாப் போதும், நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். சந்தையில என்னப் பாத்துட்டு ஒரு கடையில பூந்துக்கினியே, அதத்தான் என்னால முழுங்க முடியல."

உன் கல்யாணத்தைச் சொன்னேன். "பையனுக்காக வர்றேன்" என்றார். "மாதையனும் வருவான். உன் வீட்டுல தங்க மாட்டோம்." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். வண்டிக்காரன் காத்திருந்தான், ஏறி வந்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன் நடந்ததையெல்லாம் நேற்று உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் லைசென்ஸையும் சேர்த்து தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா இரண்டு தரம் படித்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சு இது தேவையா பெரியவரே?" என்று கேட்டார். தேவை என்றேன். கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்ன தண்டனையோ தெரியாது. அது உன் கல்யாணத்துக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். அதனால் சம்பந்தி வீட்டாரிடம் நீ இந்த வாரமே போய்ச் சொல்லிவிடு. ஊரார் வாயால் அவர்கள் கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணிடமும் சொல். இந்தக் கடிதத்தையே காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் மனம் சங்கடப்பட்டு நான் மணவறைப் பக்கம் வர வேண்டாம் என்று நினைத்தால் அதையும் மறைக்காமல் எழுது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். தொழிலில் கை தவறும், பயத்தில் வாய் தவறும், எல்லோருக்கும் உண்டு. தவறின பிறகு எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதே. முதல் நாள் போவது கஷ்டம். இரண்டாம் நாள் அதைவிடக் கஷ்டம். நான் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாள் போகாமல் இருந்தவன், கணக்கு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறவளிடம் உன் வேலையைக் காட்டு, உன் பிழையைக் காட்டு. நீ விட்டுவிட்ட ஒன்றை அவள் பார்ப்பாள். எனக்கு உன் அம்மா இருந்திருந்தால் அந்த 'டக்' சத்தத்தை அவள் விட்டிருக்க மாட்டாள்.

கடையில் இருந்த சாமான்களைச் சாக்கில் கட்டிவிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பினால் பேச யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டே போகிறேனோ என்னவோ. நாளைக் காலை முதல் பஸ்ஸில் தளிக்குப் போய், அங்கிருந்து ஜவளகிரிக்கு நடந்தாவது போகப்போகிறேன். ராகி அறுப்பு முடிந்துவிட்டது, அவருக்கு என்னால் ஆகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. வா என்றும் அவர் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். மறுநாளும் போவேன்.

உன்
அப்பா